பௌர்ணமிக்கு ஒரு ஊசி

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஐம்பதைத் தாண்டியவர்கள் சிலருக்காவது பெனிடூர் என்ற பெனிசிலின் ஊசியின் பெயர் ஞாபகம் இருக்கும். 21 நாளைக்கு ஒருமுறை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதலில் முன்கையில் சின்னதாக ஒரு டெஸ்ட் டோஸ், அரைமணி நேரம் பெஞ்சில் காத்திருப்பு, அப்புறம் இடுப்பில் அந்தப் பெரிய ஊசி. வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வருவார்கள். "அந்தப் பிள்ளைக்கு வால்வு கோளாறாம்" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். இதய வால்வை அப்படிக் கெடுக்கிற ருமாட்டிக் காய்ச்சல் நம் ஊரிலும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் இன்றைக்கு நான் பேசப்போவது ஆஸ்திரேலியாவைப் பற்றி. பணக்கார நாடு. அங்கே வெள்ளைக்காரர் வீடுகளில் இந்த நோயை ஏறக்குறைய மறந்தேவிட்டார்கள். ருமாட்டிக் காய்ச்சல் என்று பதிவாகிறவர்களில் 100க்கு 90க்கும் மேல் அந்நாட்டுப் பூர்வகுடிகளான அபோரிஜினல் மக்களும் டோரஸ் நீரிணைத் தீவு மக்களும்தான். அவர்கள் அந்நாட்டு மக்கள்தொகையில் 4 சதவீதம்கூட இல்லை.

நோய் எப்படி வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் 'ஏ' என்று ஒரு கிருமி. தொண்டையில் புண் உண்டாக்கும், தோலில் சிரங்கு உண்டாக்கும். அதை விரட்டக் கிளம்பும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, சில பிள்ளைகளுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த வீட்டுக்காரனையே அடிக்கிறது. கிருமியின் புரதமும் இதயத் திசுவும் ஒன்றுபோல இருப்பதுதான் காரணம். காய்ச்சல் வரும், முட்டி வீங்கும், இரண்டு நாளில் கணுக்காலுக்கு மாறும், பிறகு தானே போய்விடும். "மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும்" என்று மருத்துவக் கல்லூரிகளில் ஒரு பழைய வாசகம் உண்டு. கடிபடுவது பெரும்பாலும் இதயத்தின் இடப்பக்க அறைகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு. ஒவ்வொரு முறை காய்ச்சல் திரும்பும்போதும் இன்னும் கொஞ்சம் கெடும். ஆகவே திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளத்தான் பெனிசிலின்.

அந்த ஊசியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் அது மருந்து நிரப்பிய சிரிஞ்சாகவே வருகிறது. ஃபிரிட்ஜில் இருக்கும். 2.3 மில்லி, பால் போல வெள்ளை, கூழ் போலக் கெட்டி. நர்ஸ் அதை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிச் சூடேற்றுவார். பெரிய ஊசிதான் போட முடியும், சின்னதில் அடைத்துக்கொள்ளும். வேகமாக அழுத்தினால் உயிர் போகிற வலி. அதனால் மெதுவாக, நிமிடக்கணக்கில் அழுத்துவார்கள். அதுவரை பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து கேம் விளையாடச் சொல்வார்கள். ஐஸ் வைத்த, அதிர்கிற தேனீ பொம்மை ஒன்று உண்டு, அதைத் தோலில் வைத்து மரக்கச் செய்வார்கள். எல்லாம் செய்தும் வலிக்கத்தான் செய்யும். இது 28 நாளைக்கு ஒருமுறை. வருஷத்துக்கு 13. பத்து வருஷம் என்றால் 130. எட்டு வயதுப் பையனிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

28 நாளை எப்படி ஞாபகம் வைப்பது? ஆஸ்திரேலியாவின் வடபிரதேசத்தில் (Northern Territory) ஒரு யோசனை செய்தார்கள்: பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாருங்கள் என்றார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது. கிரிவலத்துக்குத் தேதி பார்க்கிற நமக்கு உடனே புரியும். என்ன, நிலவின் சுற்று ஏறக்குறைய 29½ நாள். மருந்தோ 28ஆம் நாளுக்குள் வடிந்துவிடுகிறது. நிலாவுக்கு மருந்தின் கணக்கு தெரியாது, பாவம்.

அப்புறம் பெரிய அளவில் ஓர் ஆய்வு நடந்தது. டார்வின் நகரில் இருக்கும் மென்சீஸ் ஆய்வு நிறுவனம், வடபிரதேசத்தில் பத்து ஊர்களில் கிளினிக்குகளைச் சீர்படுத்தினால் ஊசி தவறாமல் போய்ச் சேருமா என்று பார்த்தது. நல்ல நோக்கம், நல்ல உழைப்பு. முடிவு: ஐந்தில் நான்கு பங்கு ஊசியாவது போட்டுக்கொண்டவர்களின் விகிதம் கூடவில்லை. அந்த முடிவை மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள், அதற்கே ஒரு கும்பிடு போடலாம். ஊசிக்கு ஆள் வராததற்கு "அவங்க வரமாட்டேங்கிறாங்க" என்று நோயாளியைக் கைகாட்டுவது சுலபம். நர்ஸ் மாதத்துக்கு மாதம் மாறுகிறார், பேசுகிற மொழி வேறு, பிள்ளை ஒரு சாவு வீட்டுக்காக 200 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கிறான் என்பதையெல்லாம் எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

ஊசியையே மாற்றும் முயற்சியும் நடக்கிறது. பெர்த் நகரிலும் நியூசிலாந்திலும், தசையில் போடாமல் தோலுக்கடியில் அதிக அளவு பெனிசிலினை மெதுவாக ஏற்றி, இரண்டு மூன்று மாதம் தாங்குமா என்று பார்க்கிறார்கள். தாங்கினால் 13 என்பது ஐந்தாறாகக் குறையும். இந்தக் கிருமிக்கு எதிரான தடுப்பூசியை உருவாக்க 2019இல் ஆஸ்திரேலிய அரசு 35 மில்லியன் டாலர் ஒதுக்கியது. அது இன்னும் கைக்கு வரவில்லை.

மனிங்கிரிடா என்று ஓர் ஊர், வடபிரதேசத்தின் அர்னம் லேண்ட் பகுதியில், வடகரையில். மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்பட்டுவிடும், விமானம்தான். 2018இல், இதயத்தை ஒலி அலையால் படம்பிடிக்கும், எடுத்துச் செல்லக்கூடிய எக்கோ கருவிகளோடு அங்கே போய், அறுநூறு பிள்ளைகளின், இளைஞர்களின் இதயத்தைப் பார்த்தார்கள். இருபதில் ஒருவருக்கு நோய். பலருக்கு அதுவரை தெரியவே தெரியாது. தெரியாமலே வால்வு முற்றினால் டார்வினிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து அடிலெய்டிலோ மெல்பர்னிலோ அறுவை சிகிச்சை. உலோக வால்வு வைத்தால் ஆயுளுக்கும் வார்ஃபரின் என்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. அது கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது. இருபது வயதுப் பெண்ணுக்கு என்ன வால்வு வைப்பது என்று அங்கே மருத்துவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் பலன் உண்டா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது உகாண்டா. 818 பிள்ளைகள், நோய் ஆரம்ப நிலையில். இரண்டு வருஷம் ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதத்தினருக்குத்தான் நோய் முற்றியது, போடாதவர்களில் 8.2. இந்தச் செய்தி வந்தபின் எக்கோ கருவியோடு ஊருக்குள் போவதற்கு ஒரு அர்த்தம் கிடைத்தது.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் கிருமி உள்ளே நுழைந்த பிறகு நடக்கிற கதை. எனக்கு அதற்கு முந்தைய கதைதான் முக்கியம். ஆஸ்திரேலியாவின் தொலைதூரச் சமூகங்களில் எந்த நேரத்தில் பார்த்தாலும் ஏறக்குறைய 45 சதவீதப் பிள்ளைகளுக்குத் தோலில் புண் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். தொண்டைப் புண்ணோ அங்கே அவ்வளவு காணோம். அப்படியானால் இதயத்துக்குப் போகிற பாதை தோல் வழியாகவும் இருக்கலாமோ என்று 2004இல் பார்ட் கரி, ஜொனாதன் கராப்பெட்டிஸ் போன்ற ஆய்வாளர்கள் கேட்டார்கள். பாடப்புத்தகம் தொண்டையோடு நின்றிருந்த காலம் அது. சிரங்குக்கும், வலிக்கிற அந்த ஊசியேதான் வைத்தியமாக இருந்தது. 2014இல் மருத்துவர் ஆஷா போவன் குழுவினர் 508 பிள்ளைகளிடம், சில நாள் வாயால் குடிக்கிற கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்து அதே அளவுக்கு வேலை செய்கிறது என்று காட்டினார்கள். ஃபிஜித் தீவுகளில் சொறி உண்டாக்கும் நுண்பூச்சியைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்தை ஊர் முழுக்கக் கொடுத்தபோது சொறி 94 சதவீதம் குறைந்தது, கூடவே சிரங்கும் 67 சதவீதம் இறங்கியது. சொறிகிற நகம்தானே கிருமிக்குக் கதவு திறக்கிறது!

அதற்கும் முந்தைய படி, குளிப்பதும் துணி துவைப்பதும். 1980களில் மத்திய ஆஸ்திரேலியாவில், பித்ஜந்த்ஜட்ஜரா மக்களின் நிலத்தில், அவர்களுடைய நங்கனம்பா சுகாதாரக் குழு ஒரு டாக்டர், ஒரு கட்டடக் கலைஞர், ஒரு சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் மூவரையும் வேலைக்கு அழைத்தது. மக்களை நோயாளி ஆக்காமல் இருக்க என்ன வேண்டும் என்பது கேள்வி. 1987இல் அறிக்கை வந்தது. ஒன்பது காரியங்களை வரிசைப்படுத்தினார்கள். முதலாவது, குழந்தையை தினமும் குளிப்பாட்ட முடிய வேண்டும். இரண்டாவது, துணி, படுக்கை துவைக்க முடிய வேண்டும். அதன்பின் பல வருஷம் வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஷவர் ஒழுங்காக வேலை செய்யவில்லை. "அவங்களே உடைச்சிருப்பாங்க" என்பதுதான் நகரத்தில் எல்லோருடைய பதிலும். கணக்கெடுத்தார்கள். வீட்டிலிருப்பவர்கள் உடைத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி, யாரும் வந்து பராமரிக்காததால் கெட்டது. மீதி, ஆரம்பத்திலேயே காண்ட்ராக்டர் சரியாகக் கட்டாதது.

அந்தக் குழுவுக்கு ஒரு விதி இருந்தது: வேலை செய்யாமல் சர்வே கிடையாது. வீட்டுக்குள் நுழைகிற அன்றைக்கே கையில் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் இருக்கும். குழுவில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்களே. குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா, சூடாக வருகிறதா, கீழே போகிற துளை அடைத்திருக்கிறதா என்று படிவத்தில் டிக் போடுவார்கள். சின்னக் கோளாறு என்றால் அப்போதே சரிசெய்வார்கள். பெரிய கோளாறு என்றால் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் அன்றைக்கே ஊரில் இருப்பார்கள்.