ரோடு பைக் டயர்ல எத்தனை பிஎஸ்ஐ காத்து வைக்கணும்? சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. "என் எடை 78 கிலோ. ரோடு பைக்ல 25 எம்எம் டயர், உள்ள சாதா ட்யூப். டயர் ஓரத்துல 120 பிஎஸ்ஐன்னு போட்டிருக்கு, அதனால 120 அடிக்கிறேன். 40 கிலோமீட்டர் தாண்டினா உள்ளங்கை மரத்துப் போகுது. காத்தைக் குறைச்சா வேகமும் போயிடும், பஞ்சரும் ஆகும்னு கூட ஓட்டுறவங்க சொல்றாங்க. எவ்வளவு வைக்கலாம்?"

முதல்ல அந்த 120ஐப் பார்த்துடலாம். அது அந்த டயருக்கு உச்ச வரம்பு. இதுக்கு மேல ஏத்தாதீங்கன்னு கம்பெனி சொல்றது, அவ்வளவுதான். 55 கிலோ ஆள் வாங்கினாலும் 95 கிலோ ஆள் வாங்கினாலும் டயர்ல அதே 120தான் அச்சடிச்சிருக்கும். அப்போ அது எப்படி ரெண்டு பேருக்கும் சரியான காத்தா இருக்க முடியும்?

உங்களுக்கு நேரா நம்பரே சொல்லிடறேன். பின்னாடி 90, முன்னாடி 85. இங்கேருந்து ஆரம்பிங்க. உங்க 78 கிலோ, பைக் ஒரு 10 கிலோ, ரெண்டு பாட்டில் தண்ணி, ஸ்பேர் ட்யூப் எல்லாம் சேர்த்தா கிட்டத்தட்ட 90 கிலோ. அதுல பாதிக்கு மேல பின் சக்கரத்து மேலதான் உட்காருது. அதனாலதான் முன்னாடி 5 குறைச்சலா வைக்கச் சொல்றேன். ரெண்டுக்கும் ஒரே அளவு அடிச்சா முன் டயர் தேவைக்கு மேல கல்லு மாதிரி ஆகி, அந்த அதிர்வு நேரா ஹேண்டில்பாருக்கு வரும். உங்க எடை 5 கிலோ ஏறினாலோ இறங்கினாலோ 2, 3 பிஎஸ்ஐ மாத்திக்கங்க.

இன்னொரு விஷயம், டயர்ல 25ன்னு எழுதியிருக்கறதை அப்படியே நம்பாதீங்க. ரிம்மோட உள் அகலம் கூடினா டயரும் விரியும். காத்தடிச்ச பிறகு ஒரு வெர்னியர் காலிப்பர் வச்சு டயரை அளந்து பாருங்க. புது மாதிரி அகல ரிம்ல 25 டயர் 27 கூட காட்டும். உங்களோடது 27 காட்டினா பின்னாடி 80, முன்னாடி 76 போதும். நிஜமாவே 28 இருந்தா 76, 72 மாதிரி வரும்.

இப்போ வேகம் போயிடுமாங்கறதுக்கு வரேன். இதுலதான் நிறைய பேர் குழம்பறாங்க. டயர் உருளும்போது ரப்பர் அமுங்கி அமுங்கி விரியுது. அதுல கொஞ்சம் சக்தி சூடா வீணாகுது. காத்து ஏற ஏற அந்த வீண் குறையும், உண்மைதான். வழவழப்பான இரும்பு டிரம்ல ஓட்டிச் சோதிச்சா, அதிகக் காத்துதான் ஜெயிக்கும். ஆனா நம்ம ரோடு டிரம் இல்லையே! ஜல்லி தெரியற தார் ரோட்டுல 120 வச்சா, சின்னச் சின்ன மேட்டை டயர் உள்வாங்காது. பைக்கையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடும். நீங்க மிதிச்ச சக்தி முன்னாடி போகாம, உங்க தசை குலுங்கறதுல கரையுது. அதனால ஒரு அளவுக்கு மேல காத்தை ஏத்தினா வேகம் குறையத்தான் செய்யும். அந்த அளவைவிட 5 குறைஞ்சா பெரிசா நஷ்டமில்லை, 5 கூடிட்டா நஷ்டம் அதிகம். சந்தேகம்னா குறைச்சலான பக்கம் நில்லுங்க.

உங்களுக்கான அளவைப் பிடிக்க, நல்லாத் தெரிஞ்ச ஒரு 3 கிலோமீட்டர் ரோட்டை எடுத்துக்கங்க. 90, 85ல ஒரு ரவுண்டு. அடுத்து ரெண்டுலயும் 4 பிஎஸ்ஐ இறக்கிட்டு அதே ரோட்டுல இன்னொரு ரவுண்டு. இப்படியே இறங்குங்க. எழுந்து நின்னு மிதிக்கும்போது பின்பக்கம் துள்ளற மாதிரி தெரிஞ்சாலோ, வளைவுல முன் சக்கரம் கொழகொழன்னு இருந்தாலோ, பள்ளத்துல ரிம் 'டக்'னு அடிச்சாலோ, கொஞ்சம் அதிகமாவே இறங்கிட்டீங்க. திரும்ப 4, 5 ஏத்திக்கங்க. மழை நாள்ல அதைவிட 5 குறைச்சு வச்சா ஈர ரோட்டுல பிடி நல்லா இருக்கும்.

பஞ்சர் பயத்துக்கு, கழட்டின ட்யூபைப் பாருங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கீறல், பாம்பு கடிச்ச மாதிரி இருந்தா, பள்ளத்துலயோ கல்லுலயோ இடிச்சு ட்யூப் டயருக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்கியிருக்கு. காத்து குறைச்சல்னா வர்ற பஞ்சர் அதுதான். ஒரே ஒரு ஓட்டைன்னா முள்ளோ கண்ணாடியோ குத்தியிருக்கு. அதை 120 வச்சாலும் தடுக்க முடியாது.

அளக்கறதுல கவனம் வேணும். கட்டை விரலால அமுக்கிப் பார்க்கறதை விட்டுடுங்க, 70ம் 110ம் விரலுக்கு ஒண்ணாத்தான் தெரியும். பெட்ரோல் பங்க்ல இருக்கறது கார், மோட்டார் சைக்கிள் வால்வுக்கான குழாய். உங்களுக்கு மெல்லிசான பிரெஸ்டா வால்வா இருந்தா, அடாப்டர் இல்லாம அது பிடிக்காது. கேஜ் வச்ச ஃப்ளோர் பம்ப் ஒண்ணு வாங்கிடுங்க. எப்பவும் அதே கேஜ்லயே பாருங்க. ரெண்டு பம்ப் ஒரே நம்பரைக் காட்டும்னு சொல்ல முடியாது. வால்வு நுனியில இருக்கற குட்டி நட்டைத் தளர்த்தி, 'புஸ்'னு ஒருமுறை அழுத்திட்டு, பம்ப் தலையை நேரா மாட்டுங்க. கழட்டும்போது வர்ற சத்தம் பெரும்பாலும் பம்ப் குழாய்க்குள்ள இருந்த காத்துதான், பதறி மறுபடி அடிக்காதீங்க.

சாதா பியூட்டைல் ட்யூப் ஒரு நாளைக்கு 1, 2 பிஎஸ்ஐ இழக்கும். ஞாயித்துக்கிழமை அடிச்ச 90 அடுத்த ஞாயிறு 80 பக்கம் வந்துடும். லேடெக்ஸ் ட்யூப்னா ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அடிச்சே ஆகணும். விடியக்காலையில 25 டிகிரியில அடிச்ச 90, வெயில்ல நிறுத்தி டயர் 45 டிகிரிக்குப் போனா 97 ஆகும். 120ல வச்சிருந்தா அப்பவே வரம்பைத் தாண்டியாச்சு. அதோட கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இருக்கற இறக்கத்துல ரிம் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே வந்தா, ரிம் சூடாகி காத்து இன்னும் ஏறும். அங்க ட்யூப் வெடிச்சா ஆபத்து.

ரிம்லயும் ஒரு வரம்பு எழுதியிருக்கும். டயர், ரிம் ரெண்டுல எது குறைவோ அதுதான் கணக்கு. ஹூக்லெஸ் ரிம்னா, அதாவது டயரைப் பிடிச்சுக்கற கொக்கி மாதிரி மடிப்பு ஓரத்துல இல்லாத ரிம்னா, 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐக்கு மேல போகவே கூடாது. அதுல 25 டயர் போடலாமான்னும் ரிம் கம்பெனி சொல்றதைப் பார்த்துக்கங்க.

கை மரத்துப் போறதுக்கு, சீட் முனை கீழ்ப்பக்கமா சாஞ்சிருக்கான்னும் பாருங்க. சாஞ்சிருந்தா உடம்பு பாரம் கைக்கு வந்துடும். இந்த டயர் தேயற வரைக்கும் ஓட்டுங்க. அடுத்து வாங்கும்போது ஃபிரேம்லயும் பிரேக்லயும் சுத்தி 4 மில்லிமீட்டராவது இடைவெளி மிஞ்சுமான்னு பார்த்துட்டு 28 போடுங்க.