தெரிந்த மெட்டில் புதிய பாட்டு

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்க நாட்டார் பாடகர் வூடி கத்ரி என்றதும் பலருக்கு அவருடைய கிற்றார்தான் நினைவுக்கு வரும். 'இந்த யந்திரம் பாசிஸ்டுகளைக் கொல்லும்' என்று அதில் எழுதி வைத்திருந்தார். எனக்கு முதலில் அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

வூடி பிறந்தது 1912இல், ஒக்லஹோமாவின் ஒகீமா என்ற சிற்றூரில். அம்மா நோரா பழைய கதைப்பாடல்களைப் பாடுவார். பிள்ளை அதைக் கேட்டே வளர்ந்தது. அந்த வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1919இல் அக்கா கிளாரா தீக்காயத்தால் இறந்தாள். அம்மாவுக்கு ஹன்டிங்டன் என்ற நரம்பு நோய். அதைப் பைத்தியம் என்றே எண்ணி மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பையன் தெருவில் மவுத் ஆர்கன் வாசித்துச் சாப்பாடு தேடினான்.

அப்புறம் ரெக்சாஸ் போய்ச் சித்தப்பா ஒருவரிடம் கிற்றார் பழகினார். அங்கே மழை பொய்த்து, காய்ந்த மேல்மண் புழுதிப் புயலாகக் கிளம்பியது. பிழைக்க வழியில்லாத சனம் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டது, வூடியும் போனார். 1937இல் லொஸ் ஏஞ்சல்ஸ் வானொலியொன்றில் பாட இடம் கிடைத்தது. விரும்பிக் கேட்டவர்கள் யார்? ஊரை விட்டு வந்து கூடாரங்களில் கிடந்த அதே சனம்தான்.

பழைய மெட்டை எடுத்துப் புதுச் சொல் வைப்பது அவர் வழக்கம். 1940இல் எழுதிய 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' கூட, கார்ட்டர் குடும்பம் என்ற அமெரிக்க நாட்டார் இசைக்குழு பாடிய மெட்டொன்றைத் தழுவியதுதான். இதைக் குறையாகச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். மெட்டு முதலே தெரிந்திருந்தால், இரண்டாம் தரமே சனம் சேர்ந்து பாடிவிடும். 1941இல் கொலம்பியா ஆற்று அணைகளைப் பற்றிப் பாட அரசு அவரை ஒரு மாதம் வேலைக்கு எடுத்தது. அதற்குள் 26 பாட்டு! சம்பளம் 266 டொலர் சொச்சம்.

நம் மலையகத்தில் மீனாட்சி அம்மாள் செய்ததும் இதையே. கணவர், தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரோடு தேயிலைத் தோட்டங்களுக்குப் போய், தொழிலாளருக்குப் பழகிய மெட்டுகளில் தாமே பாட்டுக் கட்டிப் பாடினார். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்திருக்காவிட்டால் எவ்வளவோ போயிருக்கும்.

கொழும்பில் சொந்தமாகப் பாட்டு எழுதும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அட்டனிலோ பண்டாரவளையிலோ உங்களுக்கு ஓர் அப்பாயி இருந்தால், அடுத்த லீவுக்குப் போகும்போது அவர் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் போனில் பதிந்து வாருங்கள். வெட்கப்பட்டு முதலில் மாட்டேன் என்பார். விடாதீர்கள்.