ஓடாவி மகன் பார்த்த கலிலேயா

நேயர்களுக்கு வணக்கம். இயேசு வாழ்ந்த மண்ணைத் தோண்டியதில் என்ன கிடைத்தது என்று பேச அழைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நாசரேத்தில் தொடங்கி எருசலேமில் முடிப்பதாகத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். நடுவில் ஒரு படகு வரும். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் தெரியாது என்று நிலையத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன்.

நான் தொல்லியல் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். அப்பா தூத்துக்குடியில் ஓடாவி. கடற்கரைக்காரர்களுக்கு ஓடாவி யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: படகு கட்டும் தச்சர். சின்ன வயதில் எனக்கு அவர் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். "கணு பார்த்து ஆணி அடிடா, கணுவில் அடித்தால் வளையும், அப்புறம் பிடுங்கவும் வராது" என்று தினமும் திட்டுவார். நான் வளைத்த ஆணிகளைக் கணக்கெடுத்துத்தான் என்னை வாத்தியார் வேலைக்கு அனுப்பினார் என்று வீட்டில் இன்றும் கேலி உண்டு.

புனித நாட்டுப் பயணத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். உங்களில் பலரும் போயிருப்பீர்கள். பேருந்தில் நாற்பது பேர், ஒரு வழிகாட்டி. எங்கே இறங்கினாலும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதே இடம்தானா?" வழிகாட்டியும் சளைக்காமல், "பாரம்பரியம் அப்படிச் சொல்கிறது" என்பார். முதல் பயணத்தில் நானும் அதையேதான் கேட்டேன். இரண்டாம் பயணத்தில் கேட்கவில்லை. இங்கே இருந்தவர்கள் எதில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள், கூரைக்கு என்ன போட்டார்கள், மீனை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். இதற்கெல்லாம் மண் பதில் சொல்கிறது.

நாசரேத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது நெரிசலான பெரிய நகரம். அன்று சில நூறு பேர் இருந்த பட்டி. பழைய ஏற்பாட்டில் அந்தப் பெயரே கிடையாது. 2009-ல் மங்கள வார்த்தை ஆலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் கட்டத் தோண்டியபோது முதல் நூற்றாண்டு வீடு ஒன்று வெளிப்பட்டது. சின்னச் சின்ன அறைகள், ஒரு முற்றம், மழைத்தண்ணீர் சேர்க்க ஒரு தொட்டி, சுண்ணாம்புக்கல்லில் கடைந்த பாத்திரத் துண்டுகள். கல் பாத்திரம் எதற்கு? மண்பாத்திரத்துக்குத் தீட்டுப் பட்டால் உடைத்துப் போட வேண்டும். கல்லுக்குத் தீட்டு ஒட்டாது. அது யூத வழக்கம். கானா ஊர்க் கல்யாணத்தில் ஆறு கற்சாடிகள் வருகின்றனவே, அவை ஏன் கற்சாடிகள் என்று பாட்டிமாரிடம் இனி நீங்கள் சொல்லலாம்.

இன்னொன்று. தச்சர் என்று நாம் சொல்கிறோம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'தெக்தோன்'. மரவேலை மட்டுமல்ல, கட்டட வேலையும் அதில் அடங்கும். நாசரேத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் செப்போரிஸ் நகரத்தைக் கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா அந்தக் காலத்தில்தான் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த வேலைக்கு யோசேப்பு போனாரா? யாருக்கும் தெரியாது. ஆனால் மேட்டில் ஏறி நின்று பார்த்தால், ஒரு மணி, ஒன்றரை மணி நேர நடை. கூலி வேலைக்குப் போகிற தூரம்தான்.

கலிலேயக் கடலோர ஊரான கப்பர்நகூமில் ஒரு நிமிடம் மட்டும் நிற்போம். கருங்கல் வீடுகள். சுவரெல்லாம் பெரிய கனமில்லை. அதன்மேல் கிளைகளையும் மண்ணையும் போட்டு மெழுகியிருப்பார்கள், அவ்வளவுதான் தாங்கும். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய கதை நமக்குத் தெரியும். ஓட்டு வீட்டையும் கான்கிரீட் வீட்டையும் மனதில் வைத்துக் கேட்டால்தான் அது அதிசயமாகத் தோன்றும். அந்தச் சுவர்களைப் பார்த்தவருக்கு, பிரிப்பது சுலபம், மறுநாள் மெழுகுவதுதான் வேலை.

சரி, படகு.

1986 ஜனவரி. கடும் வறட்சி. கலிலேயக் கடல் என்கிறோமே, அது நன்னீர் ஏரி. நீளம் 21 கிலோமீட்டர் இருக்கும். தண்ணீர் வற்றிக் கரை உள்ளே போய்விட்டது. கினோசார் என்ற ஊரைச் சேர்ந்த இரண்டு மீனவர்கள், அண்ணன் தம்பி, சேற்றில் நடக்கிறார்கள். ஒரு நீள்வட்டக் கோடு தெரிகிறது. படகின் விளிம்பு! அண்ணன் தம்பி மீனவர்கள் என்றதும் உங்களில் சிலர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

செய்தி பரவியதும் படகில் தங்கம் இருக்கிறது என்று புரளி கிளம்பிவிட்டது. இதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது, ஏரி ஏறத் தொடங்கியது. பகலிரவாகத் தோண்டினார்கள். நீரில் ஊறிய மரம், காற்றுப் பட்டால் நொறுங்கிப் போகும். தொட்டால் வெண்ணெய் மாதிரி. என்ன செய்தார்கள் தெரியுமா? படகு முழுக்க உள்ளேயும் வெளியேயும் நுரைப் பசையை ஊற்றி இறுக வைத்தார்கள். பிறகு தோண்டிய குழிக்குள் தண்ணீரை விட்டார்கள். அந்தப் பொதி மிதந்தது! இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் படகு அதே ஏரியில் மிதந்து போய்க் கரை சேர்ந்தது. அப்புறம் பல ஆண்டுகள் மெழுகு போன்ற ஒரு ரசாயனக் கரைசலில் ஊற வைத்து, இப்போது அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

நீளம் சுமார் 27 அடி, அகலம் ஏழரை அடி. காலம், இயேசுவுக்குச் சற்று முன்பின். 'இயேசுவின் படகு' என்று கடைகளில் விற்கிறார்கள். இயேசு இதில் ஏறினார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. மறுபடி சொல்கிறேன், எந்தச் சான்றும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒன்றில்தான் ஏறியிருப்பார்.

நான் அதன் முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன். குழுவினர் ஐஸ்கிரீம் சாப்பிட்டு முடித்துப் பேருந்தில் ஏறி என்னைத் தேடினார்கள். எதைப் பார்த்தேன்? மரத்தைப் பார்த்தேன். பலகைகள் பெரும்பாலும் கேதுரு, வங்குகள் பெரும்பாலும் கருவாலி. வங்கு என்றால் படகின் விலா எலும்பு. இதுவரைக்கும் சரி. ஆனால் எண்ணிப் பார்த்தால் அந்த ஒரே படகில் ஏறக்குறைய பன்னிரண்டு வகை மரம்! பைன், வில்லோ, அத்தி இனத்தில் ஒன்று, நம் இலந்தைக்குச் சொந்தக்கார மரம் ஒன்று. எந்த ஓடாவியாவது மனமொப்பி இலந்தையில் படகு கட்டுவானா? கையில் காசு இல்லை. கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறான். ஏரா என்றால் படகின் முதுகெலும்பு, அதன் முன்பகுதி இன்னொரு பழைய படகிலிருந்து கழற்றி வந்தது. கடைசியில் இதுவும் இற்றுப்போனபோது, உதவக்கூடிய கட்டைகளைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள்.

அப்பா கடைசிக் காலத்தில் பார்த்ததெல்லாம் இந்த வேலைதான். புதுப்படகு கட்ட யார் வந்தார்கள்? ஒட்டுவேலைதான். பேதுருவும் அந்திரேயாவும் வலையைப் போட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள் என்று கோயிலில் வாசிக்கும்போது எனக்கு இப்போது அந்தப் பன்னிரண்டு மரங்கள் ஞாபகம் வருகின்றன. அவர்கள் விட்டுப்போனது எவ்வளவு சொற்பம், அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய முதல்!

பக்கத்தில்தான் மகதலா. அந்த ஊருக்குக் கிரேக்கத்தில் தாரிக்கேயா என்று பெயர் என்பார்கள். மீனை உப்புப்போடும் இடம் என்று பொருள். கருவாட்டூர்! மகதலேனா மரியாளின் ஊர். 2009-ல் அங்கே ஒரு விடுதி கட்டத் தோண்டினால் முதல் நூற்றாண்டு ஜெபாலயம், அதில் ஏழுகிளை விளக்கு செதுக்கிய கல். பாருங்கள், வறட்சி, விடுதி, கட்டடம். எருசலேமில் சீலோவாம் குளம் வெளிப்பட்டது 2004-ல், கழிவுநீர்க் குழாய் வேலையில். இயேசு காலத்து மண் பெரும்பாலும் தேடியவருக்குக் கிடைக்கவில்லை, வேறு வேலையாகப் போனவர் காலில் இடறியிருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். சொன்னேனே!

பிலாத்து, இயேசுவைச் சிலுவையில் அறைய ஒப்புக்கொடுத்த ரோம அதிகாரி. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் உலகமே சொல்லும் பெயர். அந்தப் பெயர் பொறித்த கல் 1961 வரை கிடைக்கவில்லை. செசரியா கடற்கரையில் ரோமர் நாடக அரங்கைத் தோண்டிய இத்தாலியர்கள் ஒரு படிக்கல்லைப் புரட்டினால், லத்தீனில் பிலாத்து, யூதேயாவின் அதிகாரி. அவன் பேர் பொறித்த கல்லைப் பின்னால் வந்தவர்கள் படியாக்கி மிதித்திருக்கிறார்கள்.

திருக்கல்லறை ஆலயத்துக்கு நான்கு பக்கம் எழுதி வந்தேன். 2016-ல் கல்லறை மேல் மூடியிருந்த பளிங்கை நீக்கிப் பார்த்ததும், உள்ளே இருந்த சாந்து ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்தது என்று தெரிந்ததும், அந்த ஆலயத்தின் சாவி இன்றும் இஸ்லாமியக் குடும்பத்தாரிடம் இருப்பதும். எல்லாம் இன்னொரு நாளைக்கு.

ஒன்றே ஒன்று. 1968, எருசலேமுக்கு வடக்கே, கட்டட வேலையில் கிடைத்த ஒரு கல்லறை. அதில் எலும்புகளை இட்டு வைத்த கல்பெட்டி. பெட்டியில் கீறிய பெயர் யெஹோகனான், நம் யோவான்தான். சிலுவையில் அறையப்பட்ட இளைஞன், முதல் நூற்றாண்டு. குதிகால் எலும்பில் நாலரை அங்குல ஆணி இன்னும் இருக்கிறது. சிலுவையில் அடித்த ஆணிகளை மறுபடி உபயோகிக்கப் பிடுங்கிவிடுவார்கள். இதை மட்டும் பிடுங்க முடியவில்லை, அப்படியே புதைத்துவிட்டார்கள். முனை வளைந்திருக்கிறது. மரத்தில் கணு இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அதன் மாதிரியை அருங்காட்சியகத்தில் பார்த்தபோது பக்கத்தில் அப்பா நிற்பது மாதிரி இருந்தது. "கணு பார்க்காமல் அடித்திருக்கிறான்" என்றிருப்பார்.

வணக்கம்.