ஆறப் பொறுக்கும் சபை

தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய பேராயர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, இந்தச் சபையின் ஆயர் அவர்களே, ஆயரம்மா அவர்களே, சபை மன்றத்தின் செயலாளர், பொருளாளர், உறுப்பினர்களே, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்தாரே, வாலிபர் சங்கத் தம்பி தங்கைகளே, நான்கு பாடல்களில் எல்லாரையும் நிமிர்ந்து உட்காரவைத்துவிட்ட பாடகர் குழுவினரே, கைக்குழந்தைகளோடு பின்னால் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தலைப்பே பொறுமைதான்.

மூன்று காரியங்களைச் சொல்ல எண்ணம். ஒன்று, வேதம் எதைப் பொறுமை என்கிறது. இரண்டு, சபை ஏன் அவசரப்படுகிறது. மூன்று, நம் பிள்ளைகளின் விசுவாசம் வேரூன்ற எவ்வளவு காலம் ஆகும். பொருளாளர் ஐயா இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள்: ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. அடுப்பு மூட்டி, உலை வைத்து, வேகும்வரை காத்திருந்தாயிற்று. இலையில் விழுந்த பிறகு இரண்டு நிமிடம் ஆற விடாமல் வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிறோம். ஒருவர் மனந்திரும்ப வேண்டும் என்று பத்து வருஷம் ஜெபிக்கிறோம். அவர் வந்த பத்தாவது நாள் ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்து சாட்சி சொல்ல மேடையேற்றுகிறோம். இதைத்தான் சொல்கிறேன்.

முதல் காரியம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பொறுமைக்கு முக்கியமாக இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ஹுப்பொமொனே: பாரத்தின் கீழே நகராமல் நிற்பது, பாடுகளைத் தாங்குவது. மற்றொன்று மக்ரொத்துமியா: மனிதர்களைத் தாங்குவது, கோபம் வரவேண்டிய இடத்தில் அதை நெடுநாள் தள்ளிவைப்பது. நம் வேதாகமம் இதை நீடிய பொறுமை என்றும் நீடிய சாந்தம் என்றும் அழகாகச் சொல்கிறது. வியாதியை, கடனை, இழப்பைத் தாங்குகிற முதல் பொறுமை நம் சபைகளில் தாராளமாக இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரரைத் தாங்குகிற இரண்டாவதுதான் தட்டுப்பாடு. அது தனியாக இருக்கும்போது வளராது. பொறுத்துக்கொள்ள எதிரே ஓர் ஆள் வேண்டும்.

மாற்கு நான்காம் அதிகாரத்து விதைக்கிறவனைப் பாருங்கள். விதைத்துவிட்டுத் தூங்குகிறான், எழுந்திருக்கிறான். அது எப்படி வளருகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. முதலில் முளை, பிறகு கதிர், பிறகு கதிரில் நிறைந்த தானியம். முளை வந்த அன்றே அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறவனை என்னவென்று சொல்வது? லூக்கா பதின்மூன்றில் அத்திமரத்துக்காகக் கெஞ்சுகிற தோட்டக்காரன் வெறுமனே இன்னொரு வருஷம் கேட்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். கையில் மண்வெட்டி இல்லாமல் "காத்திருக்கிறோம்" என்றால் அதற்குப் பெயர் சோம்பல்.

இரண்டாம் காரியம், நம் அவசரம். ஆதிச் சபை ஆற விடத் தெரிந்த சபை. ரோமாபுரியின் ஆதிச் சபைப் போதகர் ஹிப்போலித்துவின் பெயரில் வழங்கும் அப்போஸ்தலப் பாரம்பரியம் என்ற பழைய ஒழுங்குநூல், ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர் மூன்று வருஷம் வசனம் கேட்க வேண்டும் என்கிறது. உடனே, ஒருவர் ஊக்கமாக இருந்தால் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பாருங்கள் என்றும் சேர்க்கிறது. ஞானஸ்நானத்துக்கு முன் என்ன விசாரித்தார்கள் தெரியுமா? விதவைகளைக் கனப்படுத்தினாரா, வியாதியஸ்தரைப் போய்ப் பார்த்தாரா, நற்கிரியை செய்தாரா என்று. அதற்கு அவரை அறிந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். நாம், சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலுக்கு ஆறு வாரம் வகுப்பெடுத்து, மனப்பாடம் கேட்டு, வெள்ளை உடுப்புப் போட்டுப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். ஆக்கப் பொறுத்தோம்!

இப்போது ஒரு வரலாறு. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். ஆயர் அவர்கள் மன்னிக்கட்டும்.

1742ஆம் ஆண்டு, பிப்ரவரி 15. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மக்கள் கூடிப் பேசுகிறார்கள். ஆத்தும வளர்ச்சியைப் பற்றி என்றா நினைக்கிறீர்கள்? கட்டடக் கடனைப் பற்றி! ஆலயம் கட்டியாயிற்று, கடன் நிற்கிறது. (செயலாளர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும்.) ஒருவர் எழுந்து, கடன் தீரும்வரை ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாமே என்கிறார். இன்னொருவர், நம்மில் பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்கிறார். அப்போது கேப்டன் ஃபாய் என்கிறவர் சொல்கிறார்: மிகவும் ஏழைகளாகப் பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள். வாரந்தோறும் நான் வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன். கொடுத்தால் நல்லது. கொடுக்க முடியாதவருக்கும் சேர்த்து நானே போடுகிறேன். மற்றவர்களும் இப்படியே பதினொரு பேரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். அவ்வளவுதான் திட்டம். காசு வசூலிக்கப் போனார்கள். போன இடத்தில் காசா கண்ணில் பட்டது? ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் குடி. இன்னார் நடக்கவேண்டியபடி நடக்கவில்லை ஐயா என்று வெஸ்லியிடம் வந்து சொல்கிறார்கள். அவருக்கு அந்த நொடியில் பொறி தட்டுகிறது. எத்தனையோ நாளாகத் தேடியது இதுதானே! வசூல்காரரையெல்லாம் மேய்ப்பர்களாக்கிவிட்டார். ஒவ்வொரு ஆத்துமாவையும் வாரத்துக்கு ஒரு தடவை ஒருவர் நேரில் பார்த்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஏற்பாடாயிற்று.

அதிலும் சிக்கல். வீடுவீடாக ஏற நேரம் போதவில்லை. பிறர் வீட்டில் வேலைக்கு இருந்தவர்களை எஜமான்கள் தனியாகப் பேச விடவில்லை. ஒருவர்மேல் ஒருவர் குறை சொன்னால், இருவரையும் எதிரெதிரே வைத்துக் கேட்க வழியில்லை. ஆகவே பன்னிரண்டு பேரையும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூட்டினார்கள். முணுமுணுப்பும் வந்தது: நான் சேர்ந்தபோது இப்படியொரு கூட்டமே கிடையாதே! இந்த வாக்கியம் எல்லாச் சபையிலும், எல்லா நூற்றாண்டிலும் உண்டு போலிருக்கிறது.

நான் எங்கே வருகிறேன் என்று மன்ற உறுப்பினர்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம், நம் சபையையும் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகக் கூட்டும் பன்னிருவர் குழுத் தீர்மானந்தான். மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்துக்கு நான் விரோதி இல்லை. அது உலை வைப்பது. கூட்டம் முடிந்து, மனந்திரும்பத் தீர்மானித்தவர்கள் பேர் எழுதித் தந்த தீர்மான அட்டைகளை எண்ணிப் பெட்டியில் போட்டு, அடுத்த கூட்டத்தின்போது அதே ஆட்கள் அதே அட்டையை மறுபடி நிரப்புகிறார்களே, அது ஏன்? நடுவில் அவர்களை யாரும் பேர்சொல்லிக் கூப்பிடவில்லை.

குழு நடத்தும் முறையைக் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒன்றேகால் மணி நேரம். முதல் பத்து நிமிடம் ஒரு சங்கீதமும் அமைதியும். அரை மணி நேரம் வேதவாசிப்பு. ஒரே பகுதியை நான்கு வாரம் தொடர்ந்து வாசியுங்கள். முதல் வாரம் எல்லாருக்கும் தெரிந்தது போலத் தோன்றும், இரண்டாம் வாரம் சலிக்கும், மூன்றாம் வாரம் வசனம் நம்மை வாசிக்கத் தொடங்கும். பிறகு அரை மணி நேரம் ஒரே கேள்வி: இந்த வாரம் உங்கள் ஆத்துமா எப்படி இருந்தது? ஆளுக்கு இரண்டரை நிமிடம். பேச விரும்பாதவர் "அடுத்தவர்" என்று சொல்லலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. கடைசி ஐந்து நிமிடம் ஜெபம்.

எங்கே கெடும்? பெரும்பாலும் தலைவரிடத்தில்தான். ஒருவர் அழுதவுடன் ஆலோசனை சொல்லத் தொடங்கிவிடுவார். அழுதவர் அடுத்த வாரம் வரமாட்டார். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் அதே ஆலோசனை மருந்தாகும். இரண்டாவது, இரகசியம். உள்ளே சொன்னது ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வெளியே போனால் அந்தக் குழு அன்றோடு செத்தது. மூன்றாவது, இரண்டு மாதம் ஆனதும் வருகிற வறட்சி. புதுமை தீர்ந்துபோய், ஆட்களின் உண்மையான முகம் தெரியத் தொடங்கும் நேரம் அது. அநேகம் குழுக்கள் அங்கேதான் கலையும். நீடிய சாந்தத்தின் முதல் பாடமும் அங்கேதான் தொடங்கும். வராதவரை இரண்டு நாளுக்குள் போனில் கூப்பிடுங்கள். "ஏன் வரவில்லை" என்று கேட்காமல் "உங்களைத் தேடினோம்" என்று சொல்லுங்கள். வருகைப் பதிவேடு மட்டும் வைக்காதீர்கள். பரிசு கொடுக்கும் ஆசை வந்துவிடும்.

புதிதாக வந்தவருக்கு ஒரு வருஷம்வரை பதவியும் வேண்டாம், மேடைச் சாட்சியும் வேண்டாம். நூதன சீஷனைக் கண்காணியாக்காதே, இறுமாப்படைவான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது அந்த மனிதரைக் காப்பாற்றத்தான். பவுல் தாமே மனந்திரும்பி மூன்று வருஷம் கழித்துத்தான் எருசலேமுக்குப் போய்ப் பேதுருவைக் கண்டார். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793இல் வங்காளத்தில் இறங்கினார். அவர் ஊழியத்தின் முதற்கனியாகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பர் 28. நடுவில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷ அறிக்கையை நம் மன்றத்தில் வைத்திருந்தால் எத்தனாம் வருஷம் பணத்தை நிறுத்தியிருப்போம்? ஆறப் பொறுத்திருப்போமா?

பிள்ளைகளைப் பற்றிய மூன்றாம் காரியத்துக்கு நேரமில்லை. பொருளாளர் ஐயா இப்போது என்னைப் பார்த்தே கடிகாரத்தைத் தட்டுகிறார்.

பேராயர் அவர்களுக்கும் வட்டத் தலைவருக்கும் இரண்டு வேண்டுகோள். திடப்படுத்தல் வகுப்பை ஆறு வாரத்திலிருந்து ஒரு வருஷமாக்குங்கள். அடுத்த ஆண்டறிக்கையில் தீர்மான அட்டைகளின் எண்ணிக்கைக்கு எதிரே, அவர்களில் பன்னிரண்டு மாதம் கழித்து ஒரு குழுவில் இருப்பவர் எத்தனை பேர் என்று இன்னொரு பத்தி சேருங்கள். முதல் வருஷம் அந்த எண் நம்மை வெட்கப்படுத்தும். அப்படியே அச்சிடுங்கள்.

குழுவில் சேரும் படிவம் பின்வாசல் மேசையில் இருக்கிறது. தலைவராக விரும்புகிறவர்கள் இன்று பேர் எழுத வேண்டாம். முதலில் ஒரு வருஷம் உறுப்பினராக இருங்கள். தாளில் பன்னிரண்டு கோடுகள்தான் போட்டிருக்கிறோம். நிரம்பிவிட்டால் ஓரத்தில் நெருக்கி எழுதாமல் அடுத்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.