காயலான் கடை எஸ்.எம்.பி.எஸ்.

நேயர்களுக்கு வணக்கம்.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி சொல்கிற குறை ஒன்று உண்டு. "சார், சர்க்யூட் ரெடி. கொடுக்க பவர் சப்ளைதான் இல்லை." கடையில் கேட்டால் ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள். ஆனால் காயலான் கடைக்கு வருகிற பழைய கம்ப்யூட்டருக்குள், அதற்குப் பவர் சப்ளையாக எஸ்.எம்.பி.எஸ். என்ற தகரப் பெட்டி இருக்கும். மதர்போர்டு போனாலும் அது பல நேரம் நன்றாகவே இருக்கும்.

வாங்கும்போதே சோதித்துவிடலாம். பெரிய கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் வரும். அதையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் ஜெம் கிளிப்பை நிமிர்த்திச் செருகி இணைத்துவிட்டு பிளக்கைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. கறுப்பு எல்லாம் கிரவுண்ட், அதாவது பூஜ்ய வோல்ட்.

நான் முதன்முதலில் இதை சர்க்யூட்டுக்கான பவர் சப்ளையாக மாற்றியபோது, தேவையில்லை என்று நினைத்த ஒயர்களை ஒட்ட வெட்டிவிட்டேன். ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுபோனது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஆரஞ்சு ஒயரோடு அதே பின்னில் மெல்லிய பழுப்பு ஒயர் ஒன்றும் வந்திருந்தது. 3.3 வோல்ட் சரியாக வருகிறதா என்று எஸ்.எம்.பி.எஸ். பார்த்துக்கொள்வது அதன் வழியாகத்தான். பழுப்பை மறுபடி ஆரஞ்சோடு சேர்த்து ஈயம் வைத்தேன், ஓடியது.

பழைய மாடல்கள் லோடு இல்லாமல், அதாவது கரண்ட் இழுக்க எதுவும் இல்லாமல், நிலையாக ஓடாது. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 10 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். அரை ஆம்பியர் இழுக்கும், நன்றாகச் சுடும். அதனால் ஃபேன் காற்று படுகிற இடத்தில் வையுங்கள்.

அப்புறம், இதைக் கவனமாகக் கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஆளையே கொல்லும். ஒரு நாள் முழுக்க சும்மா விட்டுவையுங்கள். அதன் பிறகும் மீட்டர் வைத்து அளக்காமல் கைவைக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் விஷயம் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

5 வோல்ட் பக்கம் 20 ஆம்பியர் வரை கொடுக்கக்கூடியது. உங்கள் சர்க்யூட்டில் ஷார்ட் ஆனால், மெல்லிய ஒயர் பழுத்து உருகும்வரை அது நிற்காமல் கொடுக்கலாம். சர்க்யூட்டுக்கு எடுக்க நீங்கள் வைக்கிற ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். எர்த் சரியாக இருக்கிற மூன்று பின் பிளக்கில் மட்டும் செருகுங்கள். எர்த் இல்லாத வீட்டில் அந்தத் தகரத்தைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கும்.

மீடியம் வேவ் ரேடியோ செய்கிறவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. எஸ்.எம்.பி.எஸ். இரைச்சல் ஸ்பீக்கரில் வந்துவிடும். அதற்கு பேட்டரியே போட்டுக்கொள்ளுங்கள்.