விளையாட்டின் காரணம் மகிழ்ச்சியே

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இச்சமூக மன்றத்தில் திரண்டிருக்கும் அவையோரே, வணக்கம். விலங்குகள் விளையாடுவது பிழைப்புக்கான பயிற்சிக்காகவா, மகிழ்ச்சிக்காகவா என்ற கேள்விக்கு, மகிழ்ச்சிக்காகவே என்று வாதிட வந்திருக்கிறேன்.

பூனைக்குட்டி நூலுருண்டையைத் துரத்துவது நாளைய எலிவேட்டைக்கான ஒத்திகை என்றார் எனக்கு முன் பேசிய நண்பர். கார்ல் குரூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1896-இல் விரிவாக எழுதிய கருத்து அது. கேட்டவுடன் மனம் ஒப்பிவிடும். சோதித்தவர்கள் கண்டதோ வேறு. விளையாட்டுப் பொருள்களோடு வளர்ந்த பூனைக்குட்டிகளும் அவையின்றி வளர்ந்தவையும் பின்னாளில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இரை பிடித்தன. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்தில் மீர்கேட் என்னும் கீரியின விலங்குகளை ஆராய்ந்த லிண்டா ஷார்ப், குட்டிப் பருவத்தில் அதிகமாகப் பொய்ச்சண்டை போட்டவை வளர்ந்தபின் மெய்ச்சண்டையில் அதிகம் வெல்லவில்லை என்று 2005-இல் எழுதினார்.

எலிகளைப் பாருங்கள். ஒன்றோடொன்று கட்டிப் புரளும்போதும், மனிதக் கை கிச்சுக்கிச்சு மூட்டும்போதும் அவை எழுப்பும் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி நம் செவிக்கு எட்டாது; அதைக் கருவிகொண்டு பதிவுசெய்த நரம்பியல் அறிஞர் யாக் பாங்க்செப், கிச்சுக்கிச்சு மூட்டிய கையையே அந்த எலிகள் மீண்டும் தேடி வந்ததையும் கண்டார். தேடி வருவது இன்பத்தையன்றி வேறெதை?

பெரு நாட்டுக் கடற்கரையில் கடற்சிங்கங்கள் கொன்ற 26 கடல்நாய்க் குட்டிகளில் 22 விளையாடிக்கொண்டிருந்தபோதே பிடிபட்டன என்று பதிவாகியிருக்கிறது. இத்தனை ஆபத்தான செயலுக்குப் பயனில்லாமல் இருக்குமா என்று எதிரணியினர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பயன் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பசித்த குழந்தை சோறு கேட்பது எலும்பு வளரட்டும் என்றா? பரிணாமம் ஒரு செயலை விட்டுவைத்ததற்கான காரணம் வேறு, அச்செயலில் இறங்கும் உயிரின் காரணம் வேறு. நம் தலைப்பு கேட்பது இரண்டாவதை.

நம் சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் நாம் நின்று ரசிக்கும் நீர்நாய்களின் இனத்தையும், நண்டும் சிப்பியும் தின்னும் குறுநக நீர்நாய்களையும் பிரிட்டனின் விலங்குக் காட்சிச்சாலைகளில் ஒப்பிட்ட ஆய்வொன்று 2020-இல் வெளியானது. கூழாங்கல்லைக் கைகளில் உருட்டி விளையாடுவது ஓடு பிரிக்கும் பயிற்சியென்றால் குறுநக இனமே அதிகம் உருட்டியிருக்க வேண்டும். அப்படி வேறுபாடு காணப்படவில்லை. அதிகம் உருட்டியவை இளங்குட்டிகளும் முதிய நீர்நாய்களும். வாழ்நாளெல்லாம் இரை பிடித்து முடித்த அந்த முதிய நீர்நாய் இனி எந்தத் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறது என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த அவைக்கு விளக்க வேண்டும்.