படுக்கையைச் சுற்றி எத்தனை பேர்?

(தென்காசி மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி கேட்டு நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற பொது மருத்துவப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மேடை ஏறுவதற்கு முன், மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கவிருக்கும் மனுவை என்னிடம் காட்டினார்கள். "தென்காசிக்கு ஓர் அரசு மருத்துவக் கல்லூரி, 150 எம்.பி.பி.எஸ். இடங்கள்" என்று இருந்தது. மனநிறைவோடு கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகு, ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதினேன். அது என்ன என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கல்லூரி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. பக்கவாதம் வந்தவரை இங்கிருந்து திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியின் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு ஓடியவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மூளையில் அடைத்த ரத்தக்குழாய் அந்தத் தூரத்துக்காகக் காத்திருப்பதில்லை. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. 1,450 இடங்கள் கூடின. விருதுநகருக்கும் ராமநாதபுரத்துக்கும் கிடைத்தது. தென்காசி, மயிலாடுதுறை, பெரம்பலூர், காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய ஆறு மாவட்டங்கள் விடுபட்டன.

அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. பத்து லட்சம் மக்களுக்கு 100 எம்.பி.பி.எஸ். இடங்கள், அதற்கு மேல் ஒரு மாநிலத்தில் புதிய இடம் இல்லை என்றது. எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிவைத்தார்கள். மாநிலம் முழுவதற்கும் சராசரி போட்டால் தமிழ்நாட்டில் இடங்கள் அதிகம்தான். அந்தச் சராசரியை வைத்துக்கொண்டு செங்கோட்டைக்காரர் என்ன செய்வார்? சென்னையில் இருக்கும் இடத்தைக் காட்டி இங்கே இல்லை என்பது நியாயம் ஆகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. ஆலங்குளத்திலோ கடையநல்லூரிலோ பீடி சுற்றும் ஒரு தாயின் மகள் வெள்ளைக் கோட்டு அணியும் வழி அது. இடங்கள் கூடினால் அந்த 7.5 சதவீதத்தின் எண்ணிக்கையும் கூடும். இடத்தைக் கூட்டாதீர்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

இனி என் பென்சில் வரிகளுக்கு வருகிறேன்.

என் பணிக்காலத்தில் ஒரு முறை இடங்களை உயர்த்தினார்கள். ஆசிரியர் எண்ணிக்கை உயரவில்லை. ஒரு நாள் காலை வார்டில் மண்ணீரல் வீங்கிய பெரியவர் ஒருவரைக் காட்டிப் பாடம் எடுத்தேன். படுக்கையைச் சுற்றி முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத்தான் நோயாளி தெரிந்தார். பின்னால் நின்றவர்கள் அடுத்த கட்டிலின் கம்பியில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வயிற்றில் கை வைத்து, "மூச்சை இழுங்கள் ஐயா" என்றார்கள். அவரும் இழுத்தார். பன்னிரண்டாவது மாணவி கையை எடுத்ததும் பெரியவர் வேட்டியை மெல்ல மேலே இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னும் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் ஐயா?" என்று கேட்டார். கோபமே இல்லை அந்தக் குரலில். போர்வையை மூடிவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்து வந்துவிட்டேன்.

கை வைக்காத பிள்ளைகளும் தேர்வில் தேறினார்கள். இன்று எங்கோ மருத்துவராக இருக்கிறார்கள். மூச்சை இழுக்கும்போது மண்ணீரல் இறங்கி வந்து விரல் நுனியில் இடிக்கும், அதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. அவர்களுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

கட்டடத்தை இரண்டு ஆண்டில் எழுப்பிவிடலாம். ஆசிரியரை எழுப்ப முடியாது. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓர் ஆண்டு, மேற்படிப்பு மூன்று ஆண்டு. உதவிப் பேராசிரியர் நாற்காலியில் ஒருவர் உட்கார எட்டரை ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிடும். உடற்கூறியலுக்கும் உடலியங்கியலுக்கும் வருபவர்கள் இன்னும் குறைவு. 2025இல் ஆசிரியர் பற்றாக்குறைக்காக நம் அரசுக் கல்லூரிகளுக்கே ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பழைய கல்லூரியிலிருந்து ஆசிரியரைப் பிடுங்கிப் புதிய கல்லூரியில் நட்டால், இரண்டு இடத்திலும் பயிர் வாடும்.

செவிலியரைப் பற்றிப் பேசாமல் இறங்க மாட்டேன். மருத்துவர் வார்டுக்கு வந்து போகிறவர். இரவு முழுவதும் அங்கே இருப்பவர் செவிலியர். ரத்த அழுத்தம் இறங்குவதை அதிகாலை மூன்று மணிக்கு முதலில் கவனிப்பது அவர் கண். மனுவில் செவிலியர் என்ற சொல்லே இல்லை. 2014க்குப் பின் வந்த மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 செவிலியர் கல்லூரிகள் தொடங்குவதாக 2023 மத்திய பட்ஜெட் அறிவித்தது. நல்ல யோசனை அது. நோயாளியும் வார்டும் அங்கேயே இருப்பதால் படிப்பும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் நடக்கும். படித்து முடித்தபின் பணியிடமும் வேண்டும். தொகுப்பூதியத்தில் சேர்ந்து, நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த செவிலியர்களை இந்த மாநிலம் பல முறை பார்த்துவிட்டது.

ஆகவே நான் எழுதிய வரிகள் இவை. "முதல் அணி மாணவர்கள் சேருமுன் அனைத்துத் துறைகளிலும் நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை நிரப்பவேண்டும். அதே வளாகத்தில் செவிலியர், ஆய்வக நுட்பநர் படிப்புகளையும், அவர்களுக்கான பணியிடங்களையும் சேர்த்தே அறிவிக்கவேண்டும்." நாளைக் காலைக்குள் இவற்றை மனுவில் சேர்த்துத் தட்டச்சு செய்து கொண்டு வாருங்கள். அதன் கீழே இன்னொரு முறை கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.